ஏழு வயதுக் குறட்டை

கருக்கம்பாளையம் ஆரம்ப சுகாதார நிலையத்தில் தடுப்பூசி அறைக்கும் மாத்திரை கொடுக்கும் ஜன்னலுக்கும் நடுவில் பிரபாவதிக்கு ஓர் அறை ஒதுக்கியிருந்தார்கள். அறை என்று சொல்வது ஒரு மரியாதைக்காக. முன்பு மருந்துக் குளிர்பெட்டி நின்ற இடம் அது. பெட்டியை எடுத்தபோது சுவரில் தெரிந்த சதுரக் கறையை மறைக்க அவள் ஒரு பெரிய யானைப் படத்தை ஒட்டியிருந்தாள். தரையில் கோரைப் பாய், மூலையில் ஒரு கூடை நிறையக் கிரேயான், மேஜை இழுப்பறையில் கடலை மிட்டாய். கதவில் 'மனநல ஆலோசகர், குழந்தைகள் பிரிவு' என்று பலகை இருந்தது. அதை ஒருவரும் படித்ததில்லை. பக்கத்து அறையில் ஊசி போட்டுக்கொண்டு ஊரைக் கூட்டி அழும் பிள்ளைகள் நேரே இங்கே ஓடி வந்து யானையைப் பார்த்ததும் வாயை மூடிக்கொள்ளும். அவர்களுக்கு அவள் பேச்சக்கா.

இரண்டு வருஷத்துக்கு முன்னால்தான் மனப்பட்டை வந்தது. விரல் அகலத்துக்கு, துணி மாதிரி மெல்லிசாக இருக்கும். பிள்ளையின் மேல்கையில் சட்டைக்குள் சுற்றி ஒட்டிவிட்டால் போதும். நாடி, வேர்வை, தூக்கம், குரல் நடுக்கம் எல்லாவற்றையும் படித்து, பிள்ளை வாய் திறப்பதற்கு முன்பே அதன் மனசில் என்ன ஓடுகிறது என்று பிரபாவதியின் திரையில் காட்டிவிடும். பச்சை என்றால் நிம்மதி. மஞ்சள் என்றால் கண் வைக்க வேண்டும். சிவப்பு என்றால் விட்டுவைக்கக் கூடாது.

சும்மா சொல்லக் கூடாது, பட்டை நல்லதும் செய்தது. டியூஷன் வீட்டு வாசலை மிதிக்கும்போதெல்லாம் ஒரு பிள்ளை சிவப்பானதை வைத்து அந்த டியூஷன் மாஸ்டரை உள்ளே தள்ளினார்கள். வாயே பேசாத குழந்தைகளின் பயத்தைக்கூட அது எடுத்துச் சொன்னது. ஆனால் கூடவே வேறு சிலதும் நடந்தன. தாய்மார்கள் ரேஷன் கடையில் "உங்க பாப்பா பச்சையாங்க?" என்று ரேங்க் கார்டு விசாரிப்பதுபோல விசாரிக்க ஆரம்பித்தார்கள். முன்பெல்லாம் புதன்கிழமைதோறும் பிரபாவதி ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு வீடு வீடாகப் போவாள். பட்டை வந்த பிறகு மாவட்ட அலுவலகம் அந்தப் புதன்கிழமைகளை அறிக்கை எழுதும் நாளாக்கிவிட்டது. உள்ளே இருப்பதெல்லாம் திரையில் தெரியும்போது வீட்டுக்கு எதற்குப் போக வேண்டும் என்று கேட்டார்கள். அவளும் ஸ்கூட்டரை ஓரமாக நிறுத்திவிட்டாள். வெயிலும் கொஞ்சம் காரணம்தான், அதை அவள் ஒத்துக்கொள்ள மாட்டாள்.

அந்தச் சனிக்கிழமை காலையில் அவள் திரையையே முறைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். துளசிமணி சிஸ்டர் ஊசிப் பெட்டியோடு எட்டிப் பார்த்தார். இந்த ஊரில் பாதிப் பேருக்கு முதல் ஊசி போட்டவர் அவர். அவருக்குப் பிரபாவதியும் ஒரு பிள்ளைதான்.

"என்ன அம்மிணி, மூஞ்சி ஏன் இப்பிடி இருக்குது?"

"இதக் கேளுங்க சிஸ்டர். மிருதுளா, வயசு ஏழு. பிரிவு அச்சம், மிகக் கடுமை. சாயங்காலம் ஆறு மணிக்கு மேல நெஞ்சுப் படபடப்பு. ஒரு நாளைக்கு ரெண்டு மூணு தடவ அடக்கி அடக்கி அழுகை. மூணு வாரமா செகப்பு."

"அந்த ரிக்குக்காரரு புள்ளையா? அப்பன் ஊருக்குப் போறான்னு இருக்கும். பாவம்."

"அதுக்கு மேல கேளுங்க. வயசுக்கு மீறுன முதிர்ச்சியாம். தூக்கத்துல பலத்த கொறட்டையாம்."

"கொறட்டையா?" சிஸ்டர் ஒரு நொடி யோசித்தார். "மூக்குக்குள்ள சதை வளந்துருக்கும். எதுக்கும் ஒரு மூக்கு டாக்டர்ட்ட காட்டச் சொல்லீருங்க."

"முதிர்ச்சிக்கு?"

"பொட்டப்புள்ளைங்க எல்லாமே அப்பிடித்தானுங்களே."

திருச்செங்கோட்டைச் சுற்றி இருக்கும் ஊர்களில் போர்வெல் ரிக் வண்டி இல்லாத தெரு கிடையாது. வண்டியோடு போகும் ஆண்கள் வருஷத்தில் ஒன்பது மாசம் வடக்கே எங்கெங்கோ தரையைத் துளைத்துக்கொண்டிருப்பார்கள். மாரியம்மன் நோம்பிக்கு ஊருக்கு வருவார்கள், பூமிதி பார்ப்பார்கள், கறி விருந்து முடிந்ததும் பையைத் தூக்கிக்கொண்டு கிளம்பிவிடுவார்கள். மிருதுளாவின் அப்பா அர்த்தநாரியும் அப்படி வந்தவன்தான். நோம்பி முடிந்து இரண்டு வாரம் ஆகியும் அவன் இன்னும் கிளம்பவில்லை என்று ஊரே பேசிக்கொண்டது.

திரையின் அடியில் பரிந்துரை இருந்தது. ஆறு வாரம் மாவட்ட உறைவிட மையத்தில் குழந்தையைச் சேர்த்துச் சிகிச்சை அளிக்க வேண்டும். திங்கட்கிழமை காலை பத்து மணிக்கு வண்டி வரும். ஆலோசகர் கையெழுத்துப் போட வேண்டியது மட்டும்தான் பாக்கி.

பத்தரைக்கு மிருதுளா வந்தாள். முன்பல் இரண்டும் இல்லாத சிரிப்பு. பாயில் சப்பணம் போட்டு உட்கார்ந்து, கேட்காமலே இழுப்பறையைத் திறந்து, ஒரு கடலை மிட்டாயை எடுத்து வாயில் போட்டுக்கொண்டு, யானைக்குச் செருப்பு வரைய ஆரம்பித்தாள். பட்டையைப் பற்றிப் பிள்ளையிடம் பேசக் கூடாது, சட்டையை விலக்கிப் பார்க்கவும் கூடாது என்பது விதி. பேசினால் பிள்ளைக்கு அதன் நினைப்பே வந்துவிடுமாம். அதனால் பிரபாவதி சுற்றி வளைத்துத்தான் கேட்டாள்.

"தூங்கறப்ப பயமா இருக்குதா கண்ணு?"

"இல்லக்கா."

"அழுகாச்சி வருதா?"

"போன வாரம் வந்துச்சு. சோபியா என்னோட பென்சிலப் புடுங்கிட்டா."

"அப்பா ஊருக்குப் போறாருன்னு நெனச்சா எப்பிடி இருக்குது?"

மிருதுளா கிரேயானை நிறுத்திவிட்டு அவளை ஏறிட்டுப் பார்த்தாள். ஏதோ சொல்ல வந்தவள்போல இருந்தது. பிறகு தலையைக் குனிந்துகொண்டு, "எங்கூட்டுக்கு வாங்களேன்க்கா. நாய் குட்டி போட்டிருக்குது. நாலு குட்டி," என்றாள். போன வாரம் அம்மா முறுக்கு சுட்டிருக்கிறாள், வாருங்கள் என்று கூப்பிட்டிருந்தாள். அதற்கு முந்தின வாரம் வீட்டில் புது ஊஞ்சல் கட்டியிருப்பதாகச் சொன்னாள். "இன்னொரு நாளைக்கு வர்றேன் சாமி," என்று பிரபாவதி அவள் கன்னத்தைத் தட்டினாள். கேள்வியைத் தட்டிக்கழிக்கிறாள் பிள்ளை என்று குறிப்பும் எழுதிக்கொண்டாள்.

மத்தியானம் மாவட்ட மருத்துவர் போன் செய்தார். நல்ல மனுஷன்தான், ஆனால் திரையில் தெரியாத எதையும் நம்ப மாட்டார்.

"இன்னும் கையெழுத்து வரலையே?"

"சார், அந்தப் புள்ள நல்லாச் சிரிக்குது."

"சிரிக்கிற பிள்ளைகளைத்தான் முதல்ல கவனிக்கணும்னு போன மாசக் கூட்டத்துல பேசினது யாரு? நீங்கதானே?"

பேசியது அவள்தான். அன்றைக்கு எல்லோரும் கை தட்டியிருந்தார்கள்.

"பிரிவு அச்சத்துக்கு அம்மா அப்பாகிட்ட இருந்து பிரிச்சு வெக்கறதா சார் வைத்தியம்?"

"மூணு வாரம் சிவப்பு. நாளைக்கு அந்தப் பிள்ளைக்கு ஏதாவது ஒண்ணு ஆச்சுன்னா, 'சிரிச்சுது, அதனால விட்டுட்டேன்'னு எழுதிக் கொடுப்பீங்களா?"

"பாத்துட்டுச் சொல்றேன் சார்," என்று அவள் போனை வைத்தாள். அவர் கேட்டதில் நியாயம் இருந்தது. கையெழுத்துப் போட்டால் கிரேயான் பிடித்த அந்தக் கை ஆறு வாரம் முன்பின் தெரியாத கட்டிலைப் பிடித்துக்கொண்டு அழும். போடாமல் விட்டு, பட்டை சொன்னது உண்மையாகிவிட்டால் தன்னையே தன்னால் மன்னிக்க முடியாது. சனிக்கிழமை முழுக்க அவள் கையெழுத்துப் போடவில்லை. ஞாயிற்றுக்கிழமை மத்தியானம்வரையும் போடவில்லை. நாலு மணிக்கு ஸ்கூட்டரின் தூசியைத் தட்டினாள்.

மிருதுளாவின் வீடு தறிக்கூடங்களுக்குப் பின்னால் இருந்தது. பக்கத்தில் தறி ஓடும் சத்தத்தில் யாரும் தாழ்ந்த குரலில் பேச முடியாது. தரையைத் துளைத்துத் தேய்ந்துபோன போர்வெல் துளைமுனை ஒன்றை வாசல் கேட் ஆடாமலிருக்க முட்டாக வைத்திருந்தார்கள். ஊஞ்சல் எதுவும் கண்ணில் படவில்லை. நாயும் இல்லை.

குழாயடியில் ஆறடி உயரத்தில் ஒருவன் குத்த வைத்து உட்கார்ந்து, உள்ளங்கை அளவு பள்ளிக்கூட ஷூவைத் தேய்த்துக்கொண்டிருந்தான். கோடை வெயிலில் முழுக்கைச் சட்டை போட்டிருந்தான். அவளைக் கண்டதும் எழுந்து கையைத் துடைத்தான்.

"வாங்க மேடம். பாப்பாவோட அம்மா தறிக்குப் போயிருக்கறாளுங்க, அஞ்சு மணிக்கு வந்துருவா. பாப்பா, யாரு வந்திருக்கறாங்க பாரு!"

உள்ளே இருந்து ஓடி வந்த மிருதுளா அவளைப் பார்த்ததும் வாசற்படியிலேயே நின்றுவிட்டாள். முகமெல்லாம் மலர்ந்துவிட்டது.

பிரபாவதி விதியை மீறுவது என்று வழியிலேயே முடிவு செய்திருந்தாள். பிள்ளையைப் பக்கத்தில் இழுத்து, "கண்ணு, கைய ஒருக்கா அக்காவுக்குக் காட்டு," என்று சட்டைக் கையைச் சுருட்டினாள். கை வெறுமையாக இருந்தது. இன்னொரு கையும் அப்படித்தான்.

"பட்டை எங்க சாமி?"

மிருதுளா அப்பாவைப் பார்த்தாள். அர்த்தநாரி தலையைச் சொறிந்தான். பிறகு தப்புச் செய்து மாட்டிக்கொண்ட பையனைப் போலத் தன் சட்டைக் கையை மெல்ல மேலே ஏற்றினான். அவன் மேல்கையில் மனப்பட்டை இருந்தது. அவன் கைக்குச் சுற்றளவு போதாமல், இரண்டு முனையையும் மஞ்சள் நூலால் முடிச்சுப் போட்டு இணைத்திருந்தது.

"பாப்பாதானுங்க கட்டி உட்டுச்சு. நோம்பி சாட்டுன அன்னிக்கு. காப்புன்னு சொல்லுச்சுங்க." அவனுக்குச் சிரிப்பும் வெட்கமுமாக இருந்தது. "காப்புக் கட்டுனவங்க ஊரத் தாண்டப்படாதுங்களே. கோயில்ல கட்டுன காப்ப எல்லாரும் எட்டாம் நாளே அவுத்துட்டாங்க. இத எப்ப அவுக்கறதுன்னு பாப்பா இன்னும் சொல்லலீங்க."

"அதுக்காக நோம்பி முடிஞ்சும் போகாம இருக்கீங்களா?"

"ஓனரு தெனமும் போன் பண்ணித் திட்டறாருங்க. நானு, காப்புக் கட்டியிருக்குதுங்கன்னு சொன்னேன்."

பிரபாவதிக்கு ஒரு பக்கம் தலை சுற்றியது, இன்னொரு பக்கம் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. "அப்ப அந்தக் கொறட்டை?"

"என்னுதுதானுங்க. ரிக்குல எனக்குப் பேரே கொறட்டைங்க."

வயசுக்கு மீறின முதிர்ச்சி! அவள் வாய்விட்டுச் சிரித்தாள். நெஞ்சில் இரண்டு நாளாக உட்கார்ந்திருந்த கல் இறங்கிவிட்டது. பிள்ளைக்கு ஒன்றுமில்லை. திங்கட்கிழமை வண்டி காலியாகத்தான் திரும்பிப் போகும். "இதக் கழட்ட முடியாதுன்னுல்ல கம்பெனிக்காரங்க சொன்னாங்க? எப்பிடிக் கழட்டுன?"

"தேங்காண்ணெ தடவுனா வந்துரும்க்கா," என்றாள் மிருதுளா. "எங்க கிளாசுல எல்லாருக்கும் தெரியும்."

பிரபாவதியின் சிரிப்பு பாதியில் நின்றது. எல்லாருக்குமா? திரையில் வரிசையாக எரியும் நூற்று நாற்பது பச்சை விளக்குகளை அவள் நினைத்துப் பார்த்தாள். எந்தப் பச்சை எந்தப் பிள்ளையுடையது, அது எந்தக் கன்றுக்குட்டியின் கழுத்தில் தூங்குகிறது என்று யாருக்குத் தெரியும்? அந்தக் கவலையைப் புதன்கிழமைக்கு ஒத்தி வைத்தாள். இனிமேல் புதன்கிழமை அறிக்கை நாளாக இருக்கப் போவதில்லை என்பதும் அப்போதே முடிவாகிவிட்டது.

அப்புறம்தான் அறிக்கையின் மற்ற வரிகள் ஞாபகம் வந்தன. குறட்டை அவனுடையது என்றால் மற்றதும் அவனுடையதுதானே.

"தம்பி, சாயங்காலமானா நெஞ்சு படபடங்குதா?"

அர்த்தநாரி குழாயை இறுக்கி மூடினான். ஏற்கெனவே அது மூடித்தான் இருந்தது.

"அழுகை?"

"இருக்கறதுதானுங்களே மேடம். நாங்கெல்லாம் பழகுன ஆளுங்க. பதினாலு வருசமாப் போய்ட்டு வர்றேன்." அவன் ஷூவைத் தலைகீழாகச் சுவரில் சாய்த்து வைத்தான். அது சரிந்தது. மறுபடி வைத்தான். "இந்த வாட்டி ஊருக்கு வந்தப்ப, கதவத் தெறந்தது பாப்பாதானுங்க. வந்தவங்களுக்குப் போடற பிளாஸ்டிக் சேரு ஒண்ணு இருக்குதுங்க. அத எடுத்தாந்து போட்டு, 'உக்காருங்க, அம்மா இப்ப வந்துருவாங்க'ன்னுச்சு. தண்ணி கொண்டாந்து குடுத்துச்சு. நல்ல வளப்புன்னு சந்தோசப்படோணும். எனக்கு என்னமோ..."

தறிச் சத்தம் அவன் சொல்லாமல் விட்டதை மூடிக்கொண்டது.

பிரபாவதிக்குப் பிள்ளையின் பக்கம் மனசு இளகியது. அப்பாவைக் கட்டிப்போட இத்தனை பாடுபட்டிருக்கிறதே என்று அவளைக் கிட்ட இழுத்து, தொழிலில் கை வந்த குரலில் சொன்னாள்: "அப்பா ஊருக்குப் போகக்கூடாதுன்னு காப்புக் கட்டுனியா சாமி? உனக்கு அவ்ளோ கஷ்டமா இருந்தா அக்காட்டச் சொல்லியிருக்கலாமில்ல?"

மிருதுளா, எத்தனை சொல்லிக்கொடுத்தாலும் மண்டையில் ஏறாத பிள்ளையை டீச்சர் பார்ப்பாரே, அப்படி அவளைப் பார்த்தாள்.

"காப்புன்னு சொன்னாத்தான் அவுரு கழட்ட மாட்டாருக்கா. அதுக்கோசரம் சொன்னேன்."

"அப்பறம் எதுக்குக் கட்டுன?"

"அப்பா பாத்ரூமுல தண்ணியத் தொறந்து உட்டுட்டு அழுதாரு. நான் கேட்டேன். நீங்க கேப்பீங்கள்ல, பயம் எங்க இருக்குது, வயித்துலயா நெஞ்சுலயான்னு? அப்பிடியே கேட்டேன். ஒண்ணுமில்ல பாப்பான்னுட்டாரு. அதான் சிஸ்டர்ட்டப் போயி, எங்கப்பாவுக்கும் ஒரு பட்டை குடுங்கன்னேன். வெளையாட்டுன்னு சிரிச்சாங்க, பன்னண்டு வயசுக்கு மேல இருந்தாக் குடுக்க மாட்டாங்களாம். அதான் என்னுதக் கட்டி உட்டேன்." மூச்சு வாங்கிக்கொண்டாள். "செகப்பு வந்தா நீங்க வந்து பேசுவீங்கல்ல? நீங்க என்னடான்னா என்னையவே கூப்புட்டுக் கூப்புட்டுக் கேட்டீங்க. எனக்குத்தான் ஒண்ணுமே இல்லியே. ஊஞ்சல்னு சொன்னேன், முறுக்குன்னு சொன்னேன், நாய்க்குட்டி கூடச் சொன்னேன். வரவே இல்ல."

பிரபாவதிக்குக் கண் நிறைந்துவிட்டது. வெட்கமாக இருந்தது, அந்தப் பிள்ளையை அள்ளித் தூக்கிக் கொஞ்ச வேண்டும் போலவும் இருந்தது. பதினேழு வருஷம் பிள்ளைகளின் மனசைப் படித்தவள் என்று பேர். மூன்று சனிக்கிழமை எதிரில் உட்கார்ந்து கூப்பிட்ட பிள்ளையை 'கேள்வியைத் தட்டிக்கழிக்கிறாள்' என்று எழுதி வைத்திருக்கிறாள்.

அர்த்தநாரி நின்ற இடத்திலேயே நின்றான். மகள் பட்டையைக் காப்பாகக் கட்டவில்லை என்பது அவனுக்கும் இப்போதுதான் தெரியும். மகளைப் பார்க்க முடியாமல் ஈர ஷூவையே பார்த்துக்கொண்டிருந்தான்.

பிரபாவதி போனை எடுத்தாள். பரிந்துரைக்குக் கீழே ஒரு கேள்வி இருந்தது: எச்சரிக்கை சரியானதா? ஆம் என்று தொட்டாள். இதைவிடச் சரியான எச்சரிக்கை அவள் பார்த்ததில்லை. அடுத்த கட்டத்தில், 'மையத்தில் சேர்க்கத் தேவையில்லை. சிகிச்சை வீட்டிலேயே தொடரும், வாரம் ஒரு முறை' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டாள். சிகிச்சை யாருக்கு என்று படிவம் கேட்கவில்லை, அவளும் சொல்லவில்லை. மாவட்ட மருத்துவரிடம் ஒரு நாள் சொல்லித்தான் ஆக வேண்டும். அந்தத் திட்டுக்கு அவள் அப்போதே தயாராகிவிட்டாள்.

"தம்பி, உள்ள வாங்க. கொஞ்ச நேரம் உக்காந்து பேசலாம்."

"எனக்கெதுக்குங்க மேடம். நானு நல்லாத்தான் இருக்கறேன். இதெல்லாம் கொழந்தைகளுக்கு..."

"போங்கப்பா," என்று மிருதுளா இரண்டு கையாலும் அவன் இடுப்புக்குக் கீழே பிடித்துத் தள்ளினாள். "அக்கா திட்டவே மாட்டாங்க. படம் வேணும்னாலும் வரையலாம்."

அவ்வளவு பெரிய உடம்பு அந்தத் தள்ளலில் நகர்ந்து உள்ளே போனது. பிரபாவதி தரையில் உட்கார்ந்தாள். அவனும் எதிரில் சுவரோரமாக உட்கார்ந்து முழங்காலைக் கட்டிக்கொண்டான். மிருதுளா கதவை வெளியிலிருந்து சாத்தினாள்.

"எங்க இருக்குது தம்பி, வயித்துலயா நெஞ்சுலயா?" என்று அவள் கேட்டாள். அவன் நெஞ்சுக்கும் வயிற்றுக்கும் நடுவில் ஓரிடத்தில் கையை வைத்து, "இங்கதானுங்க," என்றான். அங்கிருந்து ஆரம்பித்தான்.

அஞ்சு மணிக்குத் தறிகள் நின்றன, கேட் திறக்கும் சத்தம் கேட்டது. வாசலில் தாயின் குரல், "ஏம் பாப்பா, கதவ ஏன் சாத்தீட்டு வெளிய உக்காந்திருக்கற? உள்ள யாரு?" என்றது.

"பேச்சக்கா வந்திருக்கறாங்க. நீ இப்பப் போவாதம்மா."

"எதுக்கு வந்திருக்கறாங்க? உனக்கு என்ன ஆச்சு?"

"எனக்கு ஒண்ணுமில்ல. அப்பா பேசறாரு. முடிஞ்சதும் அவுரே வெளிய வருவாரு. இங்க வந்து உக்காரு."

வாசற்படியில் இன்னொருவர் உட்காரும் அரவம் கேட்டது. உள்ளே அர்த்தநாரி பேசிக்கொண்டுதான் இருந்தான்.